எதைத் தடவலாம் என்பதற்கு முன்னால்

வீட்டு நாய் ராத்திரியெல்லாம் பறண்டிக்கொண்டே இருக்கிறது. காலையில் பார்த்தால் முதுகில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி கொட்டியிருக்கிறது. தெருவில் சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு வைத்தியம் வரும். எதிர்வீட்டு அக்கா வேப்பெண்ணெய் என்பார். பால்காரர் மெக்கானிக் கடையிலிருந்து கழிவு ஆயில் வாங்கிவரச் சொல்வார். மருந்துக்கடைத் தம்பி ஒரு டியூபை எடுத்து நீட்டுவார். எதைத் தடவலாம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வந்திருப்பது என்ன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நம்பிக்கை: சொறி என்றால் சொறிதான். ஒரே மருந்து போதும்.

உண்மை: சொல் ஒன்று, நோய் பல. டெமோடெக்ஸ் என்கிற சிற்றுண்ணி முடிக்கால்களுக்குள் வாழ்வது. பிறந்த சில நாள்களில், பால் குடிக்கும்போதே தாயிடமிருந்து குட்டிக்கு வந்துவிடும். பெரும்பாலான நாய்களில் அது இருக்கும் இடமே தெரியாது. எதிர்ப்புச் சக்தி தளரும்போதுதான் பெருகி முடியைக் கொட்டவைக்கும். மனிதருக்கு ஒட்டாது.

சார்கோப்டிஸ் என்கிற இன்னொரு சிற்றுண்ணி அப்படியல்ல. தோலைக் குடைந்து குடியேறும். காது ஓரத்திலும் முழங்கையிலும் தாங்கமுடியாத அரிப்பு எடுக்கும். நாயை மடியில் வைத்துக் கொஞ்சியவருக்கும் தடிப்பு வரலாம். வட்டவட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது குழந்தைகளுக்கும் பரவும். பிசுபிசுப்பும் ஊசிப்போன வாடையும் இருந்தால் ஈஸ்ட் வகைப் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். வாலடியையே கடித்துக்கொண்டிருந்தால் தெள்ளுப்பூச்சிக் கடியின் ஒவ்வாமையாக இருக்கக்கூடும்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம்தான். நாயின் தோலுக்கோ நுண்ணோக்கியே வேண்டியிருக்கிறது. கால்நடை மருத்துவர் தோலை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பது சில நிமிட வேலை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மேலே சொன்ன இரண்டு சிற்றுண்ணிகளுக்கும் இன்று மருத்துவர்கள் பெரிதும் நம்புவது வாய்வழி மாத்திரையை. அதாவது, தடவவே வேண்டாத நோய்க்கு நாம் மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருக்கிறோம்.

நம்பிக்கை: வேப்பெண்ணெயும் மஞ்சளும் நாட்டு மருந்து. பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை.

உண்மை: வேம்பில் பூச்சிகளை விரட்டும் பொருள்கள் இருப்பது மெய். ஆனால் இரண்டு விஷயங்களை மறந்துவிடுகிறோம். ஒன்று, முடி அடர்த்தியைப் பார்த்து நாய்த்தோல் தடித்தது என்று நினைக்கிறோம். மனிதரின் மேல்தோலில் 10 முதல் 15 அடுக்குச் செல்கள் இருக்கும். நாய்க்கு 3 முதல் 5 அடுக்குகள்தான். பறண்டிப் புண்ணான இடத்தில் கலக்காத வேப்பெண்ணெய் படும்போது நாய் துள்ளி ஓடுவது அதனால்தான். இரண்டாவது, நாய்க்கு நாக்கு இருக்கிறது. முதுகில் பூசியதில் பாதி வயிற்றுக்குப் போகும். வாந்தியும் எச்சில் ஒழுகலும் தொடரும். மஞ்சளோ முடிக்காலுக்குள் பதுங்கியிருக்கும் சிற்றுண்ணியைப் போய் எட்டுவதில்லை. நாயும் சோபாவும் மஞ்சளாவதே மிச்சம்.

தேங்காய் எண்ணெய் வறண்ட மூக்குக்கும் வெடித்த பாதத்துக்கும் இதமானது. அதையே பிசுபிசுக்கும் தோலிலோ கசியும் புண்ணிலோ பூசினால் அழுக்கையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடியதாகிவிடும். ‘இயற்கை’ என்ற பெயரில் இப்போது புழங்கும் டீ ட்ரீ எண்ணெயை நீர்க்காமல் பூசவே கூடாது. நடுக்கம், தள்ளாட்டம் வரை கொண்டுபோய்விடும்.

நம்பிக்கை: மண்ணெண்ணெயோ கழிவு ஆயிலோ பூசினால் பூச்சி செத்துவிடும்.

உண்மை: நாயும் சாகலாம். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். நக்கும்போது மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் வெந்துபோகும். கழிவு ஆயிலில் இன்ஜினிலிருந்து வந்த உலோகத் துகள்களும் நச்சுச் சேர்மங்களும் கலந்திருக்கின்றன. ஏற்கெனவே பூசியிருந்தால் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தால் உடனே கழுவி, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள்.

நம்பிக்கை: நமக்குக் கேட்ட களிம்பு நாய்க்கும் கேட்கும்.

உண்மை: மருந்துக்கடையில் கிடைக்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. இரண்டே நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கும், நமக்கும் நிம்மதி. ஆனால் அடங்கியது வீக்கம் மட்டுமே. காரணம் படர்தாமரை என்றால் ஸ்டீராய்டின் நிழலில் அது சத்தமில்லாமல் படரும். டெமோடெக்ஸ் என்றால் இன்னும் பெருகும். துத்தநாக ஆக்ஸைடு கலந்த களிம்புகளிலும் கலமைன் லோஷனிலும் வேறு ஆபத்து: தொடர்ந்து நக்கினால் துத்தநாகமே நஞ்சாகும்.

நம்பிக்கை: அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் கெடும்.

உண்மை: எதைப் போட்டுக் குளிப்பாட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. அதற்கென்று செய்த ஷாம்பு இருக்கும்போது நம்முடையது எதற்கு? ஒவ்வாமையால் அரிக்கும் நாய்களுக்கு வாரம் ஒரு குளியலை மருத்துவர்களே பரிந்துரைக்கிறார்கள். தோலில் ஒட்டிய மகரந்தமும் தூசியும் கிருமியும் கழுவப்படுகின்றன.

மருந்து ஷாம்பு பலிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் நேரத்தைத்தான் தவறவிடுகிறார்கள். குளோர்ஹெக்ஸிடின் ஷாம்பு தோலில் 10 நிமிடம் ஊற வேண்டும். போட்டவுடன் அலசினால் நுரைதான் மிச்சம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நக்கவிடாமல் பேச்சுக்கொடுங்கள். அலசிய பிறகு விரலிடுக்கையும் காது மடிப்பையும் ஈரம் போகத் துடையுங்கள்.

நம்பிக்கை: கழுத்தில் உண்ணி மருந்து ஊற்றினால் வேலை முடிந்தது.

உண்மை: உண்ணி நாயின் மேல் வாழ்வதைவிட வீட்டில் வாழும் காலமே அதிகம். ரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின் படுக்கையையும் கூண்டின் மூலையையும் விட்டுவிட்டு முதுகில் மட்டும் ஊற்றுவது பாதி வேலை. ஊற்றும் மருந்துகளில் பல தோலின் எண்ணெய்ப் பசையோடு பரவுபவை. அதனால் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுவதை முன்னும் பின்னும் இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் அட்டையைப் படியுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

தடவுவதே தவறு என்பதல்ல இதற்குப் பொருள். பெயர் தெரிந்த நோய்க்கு, சரியான மருந்தை, சரியான நேரம் தடவினால் தோல் தேறும். அதுவரை செய்ய வேண்டியது இவ்வளவுதான்: முடியை விலக்கி, புண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். இதுவரை என்னென்ன பூசினோம் என்பதை மறைக்காமல் ஒரு தாளில் எழுதுங்கள். மருத்துவரிடம் போகிற அன்று எதையும் பூசாமல் கூட்டிப்போங்கள். மஞ்சளைக் கழுவிவிட்டுத்தான் அவர் தோலைத் தேட வேண்டும் என்ற நிலை வேண்டாம்.