பயிற்சியும் பயிற்றுநரும்

1958ஆம் ஆண்டிலே தோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, அப்போட்டிகளில் இலங்கையின் முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். நம் மண்ணிலே திறமைக்குப் பஞ்சமில்லை என்பதற்கு இஃதொன்றே சான்றாகும். ஆயினும், தோன்றிய திறமை வளர்வதும் வாடுவதும் பெரிதும் மாலைதோறும் நடைபெறும் பயிற்சியைப் பொறுத்தனவாம்.

மருதனார்மடத்தை அடுத்த ஒரு செம்மண் வெளியிலே முப்பது பிள்ளைகள், இரண்டு பந்துகள், இருட்டுமுன் ஒரு மணி நேரம் என வைத்துக்கொள்வோம். புதிய பயிற்றுநர் இரண்டு அணிகளைப் பிரித்து ஆடவிடுவார். ஆரவாரம் எழும், பயிற்சி நன்கு நடந்ததென அவர் மகிழ்வார். வல்ல பிள்ளைகள் ஐவரே பந்தை வைத்திருந்தமை அவர் கண்ணிற் படாது.

இவ்வேறுபாடு ஆராயப்பட்டதொன்றே. அமெரிக்காவில் ஹவுஸ்னர், கிரிஃபி என்போர் அனுபவமிக்க உடற்கல்வி ஆசிரியர் எண்மரையும் அனுபவமற்றோர் எண்மரையும் ஒப்பிட்டு, 1985இல் தம் முடிபுகளை வெளியிட்டனர். அனுபவமிக்கோர் திட்டமிடுமுன் இடம், உபகரணம், பிள்ளைகளின் நிலை முதலியன பற்றி மிகுதியாக வினவினர். பாடம் நடக்கையில் அனுபவமற்றோர் வகுப்பின் பொதுவான உற்சாகத்தையே நோக்க, அனுபவமிக்கோர் ஒவ்வொரு பிள்ளையின் செய்கையையும் நோக்கினர்.

எதிர்வீரசிங்கம் பயின்ற லொஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலே கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராக விளங்கியவர் ஜோன் வூடன். 1964 முதல் 1975 வரை பத்து முறை தேசிய வெற்றி கண்ட அவர், பயிற்சிக்கு ஆகும் நேரத்தளவு அதனைத் திட்டமிடுவதற்கும் செலவிட்டார். நிமிடக் கணக்குடன் எழுதிய சிறு அட்டையுடனேயே ஆடுகளம் புகுவார். தார்ப், கலிமோர் என்னும் ஆய்வாளர் அவருடைய 2,326 பயிற்றற் செயல்களைக் குறித்தபொழுது, ஏறக்குறையப் பாதி, எதை எவ்வாறு செய்க என்னும் அறிவுறுத்தலாகவே இருந்தது; புகழுரை ஏறத்தாழ 7 விழுக்காடே. பிழை திருத்துகையில் சரியான முறையைச் செய்துகாட்டி, மாணவன் செய்தவாறு காட்டி, மீண்டும் சரியானதைக் காட்டுவார். இவையனைத்தும் பெரும்பாலும் ஐந்து விநாடியுள் முடிந்துவிடும்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. முதல்நாள் இரவிலே ஒரு தாளில் நாளைய பயிற்சியை எழுதுக. பந்து இரண்டேயாயின், பந்தின்றிச் செய்யும் ஓட்டமும் பாய்ச்சலும் எவ்வெக் குழுவுக்கு என்பதையும் குறிக்க. மழை பெய்யின் யாது செய்வதென்பதையும் சேர்க்க. பயிற்சி முடிந்ததும், இன்று பந்து தீண்டாத பிள்ளை யார் என எழுதி, மறுநாள் அப்பிள்ளையிலிருந்து தொடங்குக.

கல்லூரிக்குத் திரும்பிவந்து மாலைப் பொழுதை இளையோர்க்கு ஈயும் பழைய மாணவருக்கும், விளையாட்டுப் பொறுப்பைப் புதிதாக ஏற்கும் ஆசிரியருக்கும் நாம் வேண்டுவது இதுவே. வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளையிடத்து யாது திறமை உளதென எவரும் முன்னறியார். அதனை அறியும் வாய்ப்பு, நாம் எழுதும் அவ்வொரு தாளிலேயே தங்கியுள்ளது.