சீமையத்தியும் திராட்சைத் தேறலும்

நெடுநாள் வாராத விருந்தினர் வந்தால், “அத்தி பூத்தாற் போல வந்தீர்களே!” என்று வரவேற்பது நம் வழக்கு. அத்தி அவ்வளவு அரிதாகவா பூக்கிறது? இல்லை தோழர்களே, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பூக்கிறது. ஆனால் அத்தனை பூவும் வெளியுலகைக் காணாமல் உள்ளேயே இருந்துவிடுகின்றன. நாம் பழம் என்று கடிப்பது, சதைப்பற்று மிகுந்து குடம்போல் வாய்மூடிக்கொண்ட ஒரு பூங்கொத்தே. பல்லில் நறநறவென்று அகப்படும் ஒவ்வொரு மணியும் ஒரு சிறு பூவிலிருந்து வந்தது. பழமொழி கட்டியவர் பூவைக் காணவில்லை. நாமோ பூவைத் தின்றுகொண்டே அதனைக் காணாமலிருக்கிறோம்!

அத்தியிலும் இரண்டு உண்டு. ஆற்றங்கரையில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்ப்பது நம் நாட்டு அத்தி. குறுந்தொகையின் 24-ஆம் பாட்டில் பரணர் ‘அதவம்’ என்று குறிப்பதும், ஏழு நண்டுகள் மிதித்த ஒற்றைப் பழத்தை உவமையாக்குவதும் இதனையே. இதன் பிஞ்சு கறிக்கு ஆகும். பழம் இனிப்புப் பண்டத்துக்கு அவ்வளவாக ஏலாது. மற்றொன்று சீமையத்தி. மேற்காசியாவிலிருந்து பரவிய மரம் அது. கன்னட நண்பர்கள் ‘அஞ்சூர’ என்பர். சீரங்கப்பட்டணத்தை அடுத்த கஞ்சாம் இப்பழத்துக்குப் பெயர்பெற்ற ஊர். பெல்லாரிப் பக்கமும் இதனைப் பயிரிடுகின்றனர். மராட்டியத்தின் புரந்தர் அத்திக்கு 2016-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புதுப்பழம் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே உலர்ந்து நாரில் கோத்த பழமே பெரும்பாலும் நமக்குக் கிட்டுகிறது. சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டில் உலர்பழக் கடைக்காரர் தமிழிலேயே விலை சொல்லுவார்.

அத்திப்பழத்துள் குளவி இறந்து கிடக்குமாமே, மரக்கறி உண்போர் தின்னலாமா என்று கேட்கும் அன்பர்கள் விடுதிதோறும் உண்டு. சிமிர்னா வகைக்குக் குளவி இன்றியமையாததுதான். கலிபோர்னியாவில் அவ்வகை மரங்கள் பயன் தரும்பொருட்டு 1899-இல் குளவியையே கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். ஆனால் புனா அத்தி போன்ற நம் நாட்டுத் தோட்ட வகைகள் குளவியின் உதவியின்றியே காய்த்துக் கனிபவை.

இனித் தேறலுக்கு வருவோம். யவனர் நற்கலங்களில் கொணர்ந்த தேறலைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் குறிப்பிடுகிறார். 1945-இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் அத்தகைய சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆயினும் அது வெறும் திராட்சை மது. நாம் இங்கே பேசுவது வலுவூட்டிய மதுவைப் பற்றி, அது பிற்காலத்தது. திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்டு என்னும் நுண்ணுயிர் தின்று சாராயச் சத்தாக மாற்றுகிறது. முழுதும் தின்னவிட்டால் மது இனிப்பற்றுப் போகும். போர்ச்சுக்கல் நாட்டு டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில், பாதி தின்னும்போதே வடித்த திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றிவிடுகிறார்கள். ஈஸ்டு மடிகிறது, மீந்த சர்க்கரை அப்படியே நிற்கிறது. இதுவே ‘போர்ட்டு’, இதில் சாராயச் சத்து ஏறத்தாழ 20 விழுக்காடு. மடீரா, ஷெர்ரி, மார்சாலா என்பனவும் இக்குடும்பத்தவையே. நம் நாட்டில் ‘போர்ட்டு’ என்று சீட்டு ஒட்டி விற்பவை எல்லாம் இம்முறையில் செய்தவை அல்ல. சர்க்கரை கலந்த எளிய மதுவும் அப்பெயரில் உலவுகிறது. புட்டியின் மேல் அச்சிட்ட விழுக்காட்டைப் படித்து வாங்குக. பெயரை நம்ப வேண்டா.

பெங்களூருக்கு இதில் சொந்த உறவும் உண்டு. தேவனஹள்ளி, சிக்கபள்ளாப்பூர்ப் பக்கங்களில் விளையும் ‘பெங்களூர் நீலம்’ என்னும் கருநீலத் திராட்சை புவிசார் குறியீடு பெற்றது. தோல் தடிப்பு, விதை உண்டு, மணமோ தூக்கலானது. தண்டு எனப்படும் கண்டோன்மெண்டுப் பகுதியில் கிறித்தவக் குடும்பங்கள் பல, கிறித்துமசுக்கு முன்னரே இப்பழத்தைச் சாடியிலிட்டு வீட்டு மது செய்வதும், உலர்பழங்களை மதுவில் ஊறவிட்டுக் கேக்கு சுடுவதும் வழக்கம். ஆகவே அத்தியை மதுவில் ஊறவைப்பது ஏதோ மேனாட்டுக் கூத்து என்று இந்நகரில் யாரும் கூற இயலாது.

இவ்விரண்டும் ஏன் பொருந்துகின்றன? அத்தியில் இனிப்பு மிகுதி, புளிப்போ மிகக் குறைவு. தனியே வேகவைத்தால் திகட்டும். மதுவின் புளிப்பும் துவர்ப்பும் அத்திகட்டலை அறுக்கின்றன.

செய்முறை எளிது. ஆறு பேருக்கு உலர் அத்தி 250 கிராம், மது 200 மில்லி, தண்ணீர் 100 மில்லி, சர்க்கரை 50 கிராம், பட்டை ஒரு துண்டு, கிராம்பு மூன்று, குடகு ஆரஞ்சின் மேல்தோல் ஒரு கீற்று. பழத்தை வெந்நீரில் கழுவிக் காம்பு கிள்ளி, முள்ளால் இரண்டு மூன்று இடங்களில் குத்தி, மதுவும் தண்ணீரும் கலந்து ஒரு மணி நேரம் ஊறவிடுக. பின் மற்றவற்றைச் சேர்த்துச் சிறு தீயில் அரைமணி நேரம் வேகவிடுக. கொதிக்கவிட்டால் பழம் வெடித்துக் கூழாகும். பழத்தை எடுத்துவிட்டுச் சாற்றை மட்டும் சுண்டக் காய்ச்சினால் கரண்டியில் ஒட்டும் பாகு கிடைக்கும். ஆறினால் இன்னும் இறுகும். ஆகையால் சற்றுத் தளர்வாகவே இறக்குக. புதுப்பழமானால் இரண்டாக அரிந்து ஐந்து நிமிடம் போதும்.

இதனைப் பாலுடன் சேர்க்கும் இடத்தில்தான் விழிப்பு வேண்டும். கொதிக்கும் பாற்பாயசத்தில் இப்பாகை ஊற்றினால் மதுவின் புளிப்பால் பால் திரியும். புதிய அத்தியைப் பச்சையாகப் போட்டால் வேறொரு கேடு. அதன் பாலில் ‘ஃபிசின்’ என்னும் நொதிப்பொருள் இருக்கிறது; பாலைத் திரிக்கும் ஆற்றல் உடையது அது. பழங்காலத்தில் பாலாடைக்கட்டி செய்யவே அத்திப்பாலைப் பயன்படுத்தினர். ஜெலட்டின் கலவையும் இதனால் உறையாது. நன்கு வேகவைத்தால் ஃபிசின் செயலிழக்கும். எனவே பழத்தை முன்னமே வேகவைத்து, பாயசமும் பாகும் ஆறிய பின், பரிமாறும் கிண்ணத்தில் மேலே வைப்பதே முறை. சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பாசுந்தியின் மேல் வைத்தால் கருஞ்சிவப்பும் வெண்மையும் கண்ணுக்கும் விருந்து. கேசரிக்கு இந்தத் தொல்லையே இல்லை; சூட்டோடு பாகை ஊற்றலாம்.

மற்றொன்று, இதுவே முதன்மையானது. “அடுப்பில் ஏறினால் சாராயமெல்லாம் ஆவியாகிவிடும், யாருக்கும் சொல்லத் தேவையில்லை” என்று சமையல் வல்லார் சிலர் கூறுவர். இது தவறு. சாராயச் சத்து 78 பாகையில் கொதிப்பது மெய்யே. ஆனால் தண்ணீரோடு கலந்த பின் அது எளிதில் பிரிந்து ஓடுவதில்லை. 1992-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வும், அந்நாட்டு வேளாண்மைத் துறையின் பட்டியலும் இதனைக் கணக்கிட்டுக் காட்டின. கலவையைக் கால்மணி நேரம் வேகவைத்தால் 40 விழுக்காடு எஞ்சும், அரைமணிக்கு 35, ஒரு மணிக்கு 25, இரண்டரை மணி நேரம் வேகவைத்தாலும் 5 எஞ்சும். மேசையில் தீக்கொளுத்திக் காட்டும் வேடிக்கையில் 75 விழுக்காடு அப்படியே இருக்கிறது! நம் பாகுக்குக் கணக்குப் பார்ப்போம். 200 மில்லியில் 20 விழுக்காடு என்றால் தூய சாராயச் சத்து 40 மில்லி. அரைமணி வெந்தபின் ஏறத்தாழ 14 மில்லி. ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டு மில்லிக்குச் சற்று மேல். பாகைச் சுண்டும்போது இன்னும் குறையும். ஆனால் இல்லாமற் போகாது.

இரண்டு மில்லி யாரையும் தள்ளாட வைக்காது. ஆனால் மன்றத்துப் பொங்கல் பந்தியில் யார் யார் அமர்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சமயத்தால் மதுவைத் தீண்டாத இசுலாமியத் தோழர் இருப்பார். தந்தையின் குடியால் நொந்து, ஒரு துளியும் தொடேன் என்று உறுதிபூண்ட நண்பர் இருப்பார். குடியை ஒழிக்க டைசல்ஃபிராம் என்னும் மருந்து உண்பவர் இருந்தால், உணவில் கலந்த சிறு அளவும் அவரைப் படுத்தும். அவர் அதனை வெளியில் சொல்லவும் மாட்டார். ஆகவே எந்தக் கிண்ணத்தில் மது உண்டு என்று எழுதி வைப்பது சமைத்தவர் கடமை. கேட்டால் சொல்வோம் என்பது போதாது. கேட்கக் கூசுபவரே அதனை அறிய வேண்டியவர்.

மது வேண்டாதார்க்கு இரண்டாந்தரமானதைக் கொடுக்க வேண்டியதும் இல்லை. பெங்களூர் நீலத் திராட்சை ஒரு கிலோவைச் சிறிது தண்ணீரில் வேகவைத்து, மசித்து, துணியில் வடிகட்டி, அச்சாறு 300 மில்லியாகும்வரை சுண்டவிடுக. அதில் மேற்சொன்னபடியே அத்தியையும் பட்டை கிராம்பையும் இடுக. சர்க்கரைக்குப் பதில் சிறிது வெல்லம். தோலின் துவர்ப்பும் பழத்தின் புளிப்பும் பாகில் இறங்கிவிடுவதால் திகட்டல் இராது. என் நாவுக்கு இதுவே மேல் என்று தோன்றுகிறது; போர்ட்டின் சுவையில் தோயாத தூய திராட்சை மணம் இதில் நிற்கிறது. ஒன்று மட்டும்: மதுப்பாகு குளிர்ப்பெட்டியில் சில வாரம் தாங்கும், இது நான்கைந்து நாளுக்குள் தீர்ந்துவிட வேண்டும். விடுதியில் அது ஓர் இரவும் தங்காது.