ஜாக்கியின் வியாழக்கிழமை



நல்ல பிரசங்கம் நடக்கிற சபையிலும் ஜனங்கள் ஏன் விசுவாசத்தில் வளரவில்லை என்று கேட்டிருந்தாய், தம்பி. பிரசங்கம் நன்றாக இருந்தால் வளர்ச்சி தானாக வரும், வராவிட்டால் இன்னும் பெரிய பிரசங்கியாரை அழைத்து மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் போட வேண்டும் என்கிற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதோடுதான் எனக்குச் சண்டை. பிரசங்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது எல்லாருக்கும் பொதுவாகப் பேசுவது. ஒருவனுடைய கடனும் கோபமும் நின்றுபோன ஜெபமும் அதற்குத் தெரியாது. எபேசு மூப்பர்களிடம் விடைபெறும் பவுல், பொதுவில் போதித்ததோடு வீடு வீடாகப் போய்ப் போதித்ததையும் சேர்த்தே நினைவூட்டுகிறார் (அப்போஸ்தலர் 20). நம் சபைகள் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டன.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி திறந்தவெளியில் பிரசங்கித்தது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. கேட்டவர்களைச் சபையாக உருவாக்கியது எது என்பதைத்தான் விட்டுவிடுகிறோம். 1742 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கூடிய அவருடைய சங்கத்தார் பேசியது தங்கள் கட்டடக் கடனைப் பற்றி. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் ஃபோய் என்பவர். பலருக்கு அதற்கும் வழியில்லை என்று மறுப்பு வந்ததும், மிக ஏழைகளான பதினொரு பேரைத் தன் பொறுப்பில் விடும்படியும் அவர்களால் முடியாததைத் தானே கட்டிவிடுவதாகவும் சொன்னார். இப்படிப் பன்னிரண்டு பேருக்கு ஒரு வகுப்பும் ஒரு தலைவரும் ஏற்பட்டன. காசு வாங்கப் போன தலைவர்கள், ஒரு வீட்டில் குடியையும் இன்னொரு வீட்டில் சச்சரவையும் கண்டார்கள். வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். வசூல் ஆத்தும விசாரிப்பாக மாறியது. பிறகு வகுப்பார் வாரந்தோறும் ஓரிடத்தில் கூடி, அந்த வாரம் ஆத்துமா எப்படி இருந்தது என்று ஒருவரையொருவர் விசாரித்தார்கள். 1763இல் வேல்ஸின் பெம்ப்ரோக்‌ஷையருக்குப் போன வெஸ்லி, இருபது ஆண்டுகளாகப் பிரசங்கம் நடந்தும் சங்கமும் ஒழுங்கும் இல்லாததால், விழித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் மறுபடி உறங்கிவிட்டதாக நாட்குறிப்பில் எழுதினார்.

இந்த வகுப்பின் வேர் பிரிஸ்டலில் இல்லை, ஜான் வளர்ந்த எப்வொர்த் போதகர் வீட்டில் இருக்கிறது என்பது என் துணிபு. 1712 தொடக்கத்தில் கணவர் லண்டனில் இருந்தபோது, ஜானின் தாய் சூசன்னா ஒரு புத்தகம் படித்தார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரிகளான சீகன்பால்க், புளுட்சோ ஆகியோரின் ஊழிய விவரம் அது. படித்தவர், தன் வீட்டாருக்காகவாவது இன்னும் கூடுதலாகச் செய்யத் தீர்மானித்தார். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து அதன் ஆத்துமாவைப் பற்றிப் பேசினார். வியாழன் ஜாக்கிக்கு, அதாவது எட்டு வயது ஜானுக்கு. ஞாயிறு மட்டும் இருவருக்கு. 1732இல், ஆக்ஸ்போர்டில் இருந்த ஜான், அந்த வியாழக்கிழமை மாலையில் ஒரு சிறு பங்கைத் தனக்காக ஒதுக்கும்படி அம்மாவுக்கு எழுதினார். இருபது ஆண்டுகள் கழித்தும் அவர் கேட்டது ஒரு பிரசங்கத்தை அல்ல, அந்த விசாரிப்பை. தரங்கம்பாடி என்றதும் 1715இல் அங்கே அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டோடு பேச்சை நிறுத்துகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. அந்த ஊழியம் எப்வொர்த் வரை போயிருக்கிறது.

வீட்டு ஜெபக்கூட்டம் இருக்கிறதே என்பாய். பல இடங்களில் அதுவும் இரண்டு பாட்டு, ஒரு செய்தி, பிறகு டிபன் என்று சின்ன ஆராதனையாகவே முடிகிறது. யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. உள்வீட்டுச் சங்கதி ஊர்முழுக்கப் பரவாதா என்பது நியாயமான பயம். அதனால்தான் ஆழமான அறிக்கைக்கு, யாக்கோபு 5:16ஐ அடிப்படையாகக் கொண்டு, ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும் விரும்பிச் சேர்ந்த இன்னும் சிறிய குழுக்களை வெஸ்லி வைத்திருந்தார். போதகருக்கு நேரம் ஏது என்றால், வகுப்புத் தலைவர்கள் பெரும்பாலும் சாதாரண விசுவாசிகள்தாம். 19ஆம் நூற்றாண்டில் இந்த வகுப்புகள் தேய்ந்தது உண்மை. சொன்னதையே வாராவாரம் சொல்லும் இடத்தில் விசாரிப்பு செத்துப்போகும். ஆனால் ஒழுங்கு சடங்காகிவிடும் என்று பயந்து ஒழுங்கே இல்லாமல் இருப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அடுத்த கூட்டத்துக்குப் பந்தல்காரரிடம் பேசும் முன், வாயைக் காக்கத் தெரிந்த, பொறுமையாகக் கேட்கத் தெரிந்த நாலு பேரை உங்கள் சபையில் தேடு, தம்பி. ஆளுக்குப் பத்துப் பேரை அவர்களிடம் ஒப்படை.