கள்ளித் தொட்டியும் நனையாத இடமும்

அன்புள்ள தம்பிக்கு,

செடியோடு சேர்த்து நீ கொடுத்தனுப்பும் கள்ளி வளர்ப்புக் கையேட்டை என் மருமகள் கொண்டுவந்து தந்தாள். ஏப்ரல் சீசனில் நுவரெலியா விக்டோரியா பூங்காப் பக்கம் உன்னிடம்தான் தொட்டி வாங்கினாளாம். மண் கலவை, வெயில், தொட்டி அளவு எல்லாம் உனக்கும் எனக்கும் தெரிந்த சங்கதி. அவற்றைப் புரட்டிவிட்டு நேரே பூனை, நாய்த் தொல்லை பற்றிய பக்கத்துக்குப் போனேன். படித்த கோபம் இன்னும் ஆறவில்லை.

தொட்டியைச் சுற்றி நப்தலீன் உருண்டை போடச் சொல்லியிருக்கிறாய். முதலில் அந்த வரியை அடித்துவிடு. இரத்தத்தின் சிவப்பணுக்களையே உடைக்கும் நஞ்சு அது. பூனைக்கும் ஆகாது, நாய்க்கும் ஆகாது. லயத்து இஸ்தோப்பில் தவழும் பிள்ளையின் கண்ணுக்கு அது வெள்ளை மிட்டாய். நீ சொல்லும் கொச்சிக்காய்த் தூளோ ஒரு மழைக்குத் தாங்காது. அதற்குள் பூனை அதை மிதித்துவிட்டால், அந்தக் காலை நக்கி, அதே காலால் முகத்தையும் துடைத்துக்கொள்ளும். கண்ணெரிச்சலில் அது படும் பாட்டைப் பார்த்தவன் இப்படி எழுதமாட்டான்.

அதைவிட என்னைச் சுட்டது அடுத்த வரி. முள் ஒருமுறை குத்தினால் நாய் தானாகவே விலகிவிடும் என்கிறாய். உன் அட்டைப் படத்தில் இருப்பது முயல்காதுக் கள்ளி. அதில் நீள முள்ளே கிடையாது. மஞ்சள் பஞ்சு ஒட்டினாற்போல் புள்ளி புள்ளியாக இருக்கிறதே, ஒவ்வொரு புள்ளியிலும் மயிரைவிட மெல்லிய சுணைமுள் கொத்தாக நிற்கிறது. ஒவ்வொன்றிலும் பின்னோக்கிய சிறு கொக்கிகள். உள்ளே போவது சுலபம், திரும்பி வராது. குட்டி முகர்ந்தால் மூக்கில் ஏறும், கடித்தால் நாக்கில் ஏறும். பிறகு அது முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கத் தேய்க்க இன்னும் ஆழமாகப் போகும். டோர்ச் வெளிச்சத்தில் ஒரு குட்டியை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறேன். காலில் ஏறியதை ஒட்டும் டேப்பால் ஓரளவு எடுக்கலாம். வாயிலும் கண்ணிலும் ஏறியதை நாம் நோண்டக்கூடாது, மிருக வைத்தியரிடம்தான் போகவேண்டும். முயல்காதை விற்கும்போதே அதை உயரத்தில் வைக்கச் சொல்லி விற்க வேண்டியவன் நீ.

இந்த மிருகங்கள் ஏன் நம் தொட்டியையே தேடி வருகின்றன என்று நீ ஓரிடத்திலும் கேட்கவில்லை. வறண்ட தேசத்துப் புத்தகத்தைப் பார்த்து எழுதியதால் வந்த வினை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் மண் காய நாளாகும். கள்ளி அழுகாமல் இருக்க அதை இறவாணத்தடியில், சுவரோரமாக, மணல் கலந்த மண்ணில் வைக்கிறோம். அந்த மழைக்காலத்தில் வீட்டைச் சுற்றி நனையாமல், பொலபொலவென்று கிடக்கும் மண் அது ஒன்றுதான். பூனை மலங்கழிக்கத் தேடுவதும் அதைத்தான். நாய் சுருண்டு படுக்கத் தேடுவதும் அதே சுவரோரத்தைத்தான். உனக்கு ஒரு நனையாத இடம் வேண்டுமென்றால் அவற்றுக்கும் ஒன்று கொடு. பழைய தகரத்தைச் சாய்த்து, அதன் கீழே ஒரு பெட்டியில் காய்ந்த மணலை நிரப்பி வை. அள்ளிச் சுத்தம் செய்துவந்தால் பூனை அங்கேயே பழகிவிடும். நாய்க்கு ஒரு சாக்கும் நான்கு செங்கல் மேல் ஒரு பலகையும் போதும்.

அதற்குப் பிறகுதான் காவல். காவலுக்கு நான் என்றைக்கும் சொல்வது மிலாறு, கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி. ஹட்டன் பக்கம் ஒரு பங்களாவில் என் பெரியப்பா தோட்டக்காரராக இருந்தார். கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து எல்லோரும் அடுப்புக்கு மிலாறு கட்டிக்கொண்டு வர, அவர் சுண்டுவிரல் பருமன் குச்சிகளை மட்டும் தனியாகப் பொறுக்கிக் காயப்போடுவார். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கள்ளிகளுக்கு இடையில் இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பாதியளவு மண்ணில் செருகுவார். குசினிப் பூனை வரும், ஒரு காலை உள்ளே வைக்கும், திரும்பிக் குந்த இடம் இருக்காது. காலை உதறிவிட்டு இறங்கிப் போய்விடும். ஒரு கீறல்கூட அதற்குப் படாது. காற்று தடையில்லாமல் போகும், மண்ணும் காயும். குச்சி மழையில் உளுத்தால் புதிது செருகுவார். பங்களாவில் எத்தனையோ தொரைமார் மாறிப் போனார்கள், அந்தப் பாத்தி குலையவே இல்லை. தொட்டியாக இருந்தால் மிலாறுக்குப் பதிலாகக் கருங்கல் சல்லியை மேலே பரப்பலாம். புறா முட்டை அளவாவது இருக்கவேண்டும். நீ சொல்லும் பொடிச்சல்லியைப் பூனை மணல் என்றே நினைக்கும்.

நாய் மூத்திரத்துக்கு, தொட்டியில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லியிருக்கிறாய். சமவெளியில் அது சரி. மூத்திரத்தின் உப்பு தண்ணீரோடு வடிந்துவிடும். இங்கே ஜூன் மாதக் குளிரில் அப்படிக் கழுவினால் உப்பு போனாலும் வேர் அழுகிவிடும். கடுவன் நாய் காலைத் தூக்கும் உயரத்துக்கு மேலே தொட்டியை ஏற்றிவிடுவதுதான் வழி. இடுப்பளவுத் தட்டு ஒன்று அடி. ஏற்கெனவே பட்ட தொட்டி என்றால் செடியைப் பிடுங்கி, வேரை உதறி, புதுமண்ணில் காய்ச்சலாக நடு.

இரவில் நாயை வெளியே கட்டச் சொன்னதையும் எடுத்துவிடு. நம் தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாடுவது உனக்குத் தெரியாததல்ல. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கண்ணியில் சிக்கிச் செத்த கருஞ்சிறுத்தை தோட்டத்தை ஒட்டித்தான் வாழ்ந்தது. கட்டிப்போட்ட நாய் சிறுத்தைக்குக் கைக்கெட்டிய இரை. நாய் இஸ்தோப்பில்தான் படுக்கவேண்டும், தொட்டிதான் இடம் மாறவேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், ஜனவரிப் பனி பற்றி நீ எழுதிய பத்தியை மூன்று பேருக்கு வாசித்துக் காட்டினேன். சீமெந்துத் தண்ணீர்த் தொட்டிச் சுவர் பகலில் வாங்கிய சூட்டை விடியும்வரை வைத்திருக்கும், பனி விழும் மாதத்தில் கள்ளியை அதை ஒட்டி வை என்றாயே, இந்த மலையில் விடியற்காலை எழுந்து செடியைத் தொட்டுப் பார்த்தவனால்தான் அதை எழுத முடியும். அப்படி ஒரு வரியை இங்கே யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அந்தக் கையால் மற்றப் பக்கத்தையும் எழுது.

மறுபதிப்பை அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு அனுப்பு. அட்டைக்கு முயல்காது வேண்டாம். கவ்வாத்து தொடங்கியதும் ஒரு கட்டு மிலாறு காயவைத்துத் தருகிறேன், வந்து எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அண்ணன்