பாட்டியின் அறைக்கு ஒரு தொலைக்காட்சி

தில்லியில் வாழும் கயல்விழியின் பாட்டி கால் முறிவால் படுக்கையில் இருந்தார். அவரது அறைக்குத் தொலைக்காட்சி வாங்க அப்பா 10,000 ரூபாய் ஒதுக்கினார்.

கடையில் அண்ணன் 43 அங்குலத் திரையைக் காட்டி, "மீதித் தொகையைத் தவணையில் கட்டலாமே, அப்பா!" என்றான்.

கயல்விழியோ அறையை அளந்து வந்திருந்தாள். கட்டிலிலிருந்து எதிர்ச்சுவர் ஐந்தடித் தொலைவே. திரையின் அளவு மூலைவிட்டத்தால் குறிக்கப்படுகிறது. அத்தொலைவுக்கு 32 அங்குலமே போதுமானது. அவள் பக்கவாட்டில் நின்றும் பார்த்தாள். ஒரு திரையில் நிறங்கள் மங்கின, மற்றொன்றில் மாறவில்லை. படுத்தவாறு பார்ப்பவருக்கு இரண்டாவதே ஏற்றது. பின்னர், மின்சிக்கன நட்சத்திரக் குறியீட்டையும் ஒப்பிட்டாள். நட்சத்திரம் மிகுந்தால் மின்செலவு குறையும். 40 வாட் கருவி நாள்தோறும் 5 மணி நேரம் இயங்கினால், 5 நாளில் 1 யூனிட் செலவாகும்.

"பாட்டிக்குக் காது மந்தமாயிற்றே!" என்று நினைவூட்டிய அண்ணன், ஒலி தெளிவாக உள்ளதா எனச் சோதித்தான். கருவியின் விலை அப்பா ஒதுக்கிய தொகைக்குள் அடங்கியது. அன்று மாலை பாட்டி தமிழ்ச் செய்தி கேட்டார்.

வினாக்கள்
1. பாட்டியின் அறைக்கு 32 அங்குலத் திரை போதுமானது ஏன்?
2. 40 வாட் கருவி நாள்தோறும் 5 மணி நேரம் இயங்கினால், 30 நாளில் எத்தனை யூனிட் செலவாகும்?