ஓடையில் விழுந்த இலை எங்கே போகிறது?

திருமுருகன்பூண்டி வழியே ஓடும் நல்லாறு, நொய்யலில் கலக்கிறது. கரைமரங்களின் இலை ஓடையில் விழுந்ததும் பூஞ்சைகள் படர்ந்து அதை மென்மையாக்கும். பின்னர் நத்தை, நண்டு, பூச்சிகளின் இளம்புழுக்கள் அதைக் கடித்துத் துணுக்காக்கும். அத்துணுக்குகள் நீரோட்டத்தில் பிற சிற்றுயிர்களுக்கு உணவாகும். அவற்றை மீன்கள் உண்ணும்.

செயல்பாடு: வெங்காய வலைப்பை, கொசுவலைப்பை இரண்டிலும் காய்ந்த இலை 10 கிராம் வீதம் இட்டு, கையுறை அணிந்து ஆசிரியரே ஓடையில் கட்டவும். மாணவர்களை நீரில் இறக்க வேண்டாம். 4 வாரம் கழித்து இலைகளை அலசி, உலர்த்தி எடைபோடச் செய்யவும்.

கலந்துரையாடல்: வெங்காயப் பையில் எடை மிகக் குறைந்திருந்தால், அது உள்ளே நுழைந்த முதுகெலும்பற்றவற்றின் வேலை. இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால்? சாயக்கழிவும் சாக்கடையும் அவற்றை அழித்திருக்கலாம். நீர் தெளிந்தால் மட்டும் ஆறு மீண்டதாகுமா?