உங்க சம்பளமும் ஒரு ஏலப் பர்ஸ்தான்: டீமை வாங்கப் போறீங்களா, வளர்க்கப் போறீங்களா?



ஐபிஎல் ஏலம் நடக்குற அன்னைக்கு நாம எல்லாருமே டீம் ஓனர்தான். "இவருக்கு இவ்ளோ கோடியா?"னு டிவி முன்னாடி உட்கார்ந்து கணக்குப் போடுவோம். ஆனா ஒண்ணாம் தேதி நம்ம அக்கவுன்ட்ல சம்பளம் ஏறும்போது அந்தக் கணக்கு வர்றதில்ல. இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

பர்ஸ் எல்லாருக்கும் ஒரு அளவுதான்

2025 சீசனுக்கு ஒவ்வொரு ஐபிஎல் டீமுக்கும் 120 கோடி ரூபாய் பர்ஸ். அதுல லக்னோ ரிஷப் பந்தை 27 கோடிக்கு எடுத்தது. மொத்தப் பர்ஸ்ல 22.5%, ஒரே ஆளுக்கு! அந்த சீசன்ல லக்னோ 7-வது இடம். அதே ஏலத்துல பஞ்சாப் ஷ்ரேயாஸ் ஐயரை 26.75 கோடிக்கு எடுத்து ஃபைனல் வரைக்கும் போச்சு. அதனால பெரிய விலைக்கு வாங்குறதே தப்புன்னு சொல்ல வரல. அப்படி வாங்கிட்டா, மீதி டீமை இருக்கிற காசுக்குள்ள கட்டியாகணும். அங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க.

ஒரே ஆள், ரெண்டு டீம்

வருண் சக்கரவர்த்தி, ஆர்க்கிடெக்ட் வேலையை விட்டுட்டு கிரிக்கெட்டுக்கு வந்தவர். 2018 டிஎன்பிஎல்ல மதுரை கப் அடிச்சப்போ பெயர் வாங்கினார். அந்த வருஷக் கடைசி ஏலத்துல அவரோட அடிப்படை விலை 20 லட்சம். பஞ்சாப் 8.4 கோடிக்கு எடுத்தது. ஆடினது ஒரே ஒரு மேட்ச், அப்புறம் காயம். அடுத்த சீசனுக்கு முன்னாடியே விட்டுட்டாங்க.

கொல்கத்தா அவரைப் பாதி விலைக்கும் கீழ, 4 கோடிக்கு எடுத்தது. ஆனா அவங்க விடல, வருஷக்கணக்கா வச்சிருந்தாங்க. 2024-ல கொல்கத்தா கப் அடிச்சப்போ வருண் எடுத்தது 21 விக்கெட்.

இதுல என்ன தெரியுது? ஏலத்துல ஜெயிக்கிறவர் யாருன்னா, அங்க இருக்கிறவங்கள்லயே அதிகமா மதிப்புப் போட்டவர். பல சமயம் அது தேவைக்கு மேல போட்ட மதிப்பா இருக்கும். போன வருஷம் அதிக ரிட்டர்ன் கொடுத்த ஃபண்டைத் தேடிப் பிடிச்சு போடுறதும், ஆறு மாசத்துல சரியா போகலன்னு வித்துட்டு வெளிய வர்றதும் இதே கதைதான்.

நம்ம ஊர்லயே நடந்தது

வில்லியனூர் பக்கம் துத்திப்பட்டுல இருக்கிற கிரிக்கெட் மைதானம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். புதுச்சேரிக்கு 2018-19-ல முதல் ரஞ்சி சீசன். புது டீம், அனுபவம் வேணும். அதனால இமாச்சல்ல இருந்து பராஸ் டோக்ரா, ராஜஸ்தான்ல இருந்து பங்கஜ் சிங், மும்பைல இருந்து அபிஷேக் நாயர்னு ஆட்கள் வந்தாங்க. அடுத்த சீசனுக்கு வினய் குமார். எல்லாருமே பெரிய ஆட்கள், டோக்ரா ரன்னைக் குவிச்சார். ஆனா பிளேட் குரூப்ல முதல் வருஷம் உத்தராகண்ட் முதலிடம், ரெண்டாவது வருஷம் கோவா.

அதைவிட முக்கியமான பாடம் 2018 செப்டம்பர்ல வந்தது. விஜய் ஹசாரே போட்டி நடந்துட்டு இருக்கும்போதே, வெளியில இருந்து வந்த 8 வீரர்களோட தகுதியை பிசிசிஐ வாபஸ் வாங்கிடுச்சு. பாதிக்கு மேல டீம் காலி! உடனே இறக்க உள்ளூர்ல பசங்க தயாரா இருந்தாகணும்.

வெளியாட்கள் வரலாம், தப்பில்ல. அவங்க ஓய்வு பெறுவாங்க, இல்ல வேற டீமுக்குப் போவாங்க. அப்போ மிஞ்சுறது என்ன? பாகூர்லயும் வில்லியனூர்லயும் காலைல பந்து போட்டுப் பழகுற பசங்கதான். அவங்களுக்கு வாய்ப்பே கொடுக்கலன்னா, ஒவ்வொரு வருஷமும் முதல்ல இருந்து வாங்கணும்.

அமெரிக்க பேஸ்பால்லயும் இதே கணக்குதான். மேஜர் லீக்ல ஒரு வீரர் பொதுவா 6 வருஷம் ஆடி முடிச்ச பிறகுதான் தன் இஷ்டத்துக்கு எந்த டீமுக்கும் போக முடியும். அதுக்கு முன்னாடி சம்பளம் குறைவு. வளர்த்த டீமுக்கு லாபமே அந்த வருஷங்கள்லதான். விலை ஏறின பிறகு வாங்குறவங்களுக்கு அது கிடைக்காது.

இப்போ உங்க டீம்

திருபுவனையிலயோ சேதராப்பட்டுலயோ கம்பெனி வேலை, கைக்கு வர்றது 25,000 ரூபாய்னு வச்சுக்குவோம். வீட்டுக்கு 12,000, உங்க செலவு 5,000. மீதி 8,000.

சம்பளத்துல 22.5%, அதாவது 5,625 ரூபாய்க்கு ஒரு பைக் இஎம்ஐ எடுத்தா கையில நிக்கிறது 2,375. காண்ட்ராக்ட் முடிஞ்சுதுன்னு ஒரு நாள் திடீர்னு கம்பெனி சொன்னா? சம்பளம் நிக்கும், இஎம்ஐ நிக்காது. அந்த 8 வீரர் கதைதான்.

அதுக்குப் பதிலா இப்படிப் பிரிச்சுப் பாருங்க:

- ரிசர்வ் பெஞ்ச், 3,000: ஆர்டி போடுங்க. 17 மாசத்துல அசல் மட்டுமே 51,000. உங்க 3 மாசச் செலவு அது.
- அகாடமி, 3,000: இன்டெக்ஸ் ஃபண்ட்ல எஸ்ஐபி. 12% வளர்ச்சின்னு வச்சா 10 வருஷத்துல சுமார் 6.97 லட்சம். வருஷா வருஷம் 10% ஏத்திக்கிட்டே போனா சுமார் 10.1 லட்சம். 12% ஒரு அனுமானம்தான், உத்தரவாதம் இல்ல. நடுவுல இறங்கும், அப்போ வருணை விட்ட மாதிரி விட்டுடாதீங்க.
- பயிற்சி, 2,000: சிஎன்சி புரோகிராமிங், டாலி, எக்செல்னு உங்க வேலைக்கு எது உதவுமோ அது. உங்க டீமோட ஸ்டார் பிளேயர் நீங்கதான்!

அப்போ பைக்கே வாங்கக் கூடாதா? ரஞ்சில ஒரு டீம் வெளி மாநில வீரர்கள் 3 பேர் வரைக்கும் எடுத்துக்கலாம். அந்த மாதிரி நீங்களும் ஒரு வரம்பு வையுங்க. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பாகூர் வர பஸ் இல்லையா? பைக் தேவைதான், முடிஞ்சா நல்ல செகண்ட் ஹேண்டா பாருங்க. ஆனா எல்லா இஎம்ஐயும் சேர்த்து சம்பளத்துல 15% தாண்டக் கூடாது. 25,000-க்கு அது 3,750. அந்த மாசங்கள்ல பயிற்சி, ரிசர்வ் பணத்துல இருந்து எடுத்துக்கோங்க, எஸ்ஐபி மேல கை வைக்காதீங்க.

வளர்க்கிறதுல ஒரு கஷ்டம் இருக்கு. முதல் ரெண்டு வருஷம் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் புது பைக்ல போவான், நீங்க பஸ் ஸ்டாப்ல நிப்பீங்க. அந்த ரெண்டு வருஷத்தைத் தாண்டுறதுதான் ஆட்டமே.

இந்த மாசம் சம்பளம் வந்ததும் ஒரு பேப்பர்ல ரெண்டு பத்தி போடுங்க: "வாங்கினது", "வளர்க்கிறது". எந்தப் பக்கம் எவ்ளோன்னு எழுதுங்க. அடுத்த வீடியோவுல அந்தப் பேப்பரை வச்சே பேசுவோம்.